தஞ்சாவூர் போய் வந்த உப்பு

மாடிப்படி ஏறும்போதே அழக் கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டுதான் ஆஸியா பீவி ஏறினாள். ஆனால் "வாங்க தங்கச்சி, உட்காருங்க" என்று அலாவுதீன் நாற்காலியை இழுத்துப் போட்டதும் அந்த உறுதி போன இடம் தெரியவில்லை. பொலபொலவென்று கொட்டிவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே போன பிறகுதான் பேச்சே வந்தது.

அலாவுதீன் கப்பல் சரக்கு இன்சூரன்ஸில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டை நனைந்து வந்திறங்கினால் அது நடுக்கடலில் நனைந்ததா, துறைமுகத்தில் நனைந்ததா, இல்லை காப்பீட்டுக்கு ஆசைப்பட்டு வியாபாரியே குடத்தால் ஊற்றி நனைத்தாரா என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் பிழைப்பு. ஓய்வுக்குப் பிறகு காரைக்காலில் எவர் வீட்டில் எது காணாமல் போனாலும் ஆள் அவரைத் தேடி வந்தது. கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செம்பியனுக்கு இதில் பைத்தியம். அழுத முகத்தோடு ஒருவர் படியேறினால் போதும், கடையைப் பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டு அவனும் பின்னாலேயே ஏறிவிடுவான். இன்றைக்கும் ஏறி, செல்போனில் குறிப்பெடுக்கத் தயாராக நின்றான்.

"நானா, எங்க ஆஃப்ரினுக்கு வர்ற மாசம் நிக்காஹ். நாகூர் மாப்பிள்ளை" என்று தொடங்கினாள் ஆஸியா. "அவளுக்குன்னு வெச்சிருந்த நகை மொத்தமும் போச்சு. கல் அட்டிகை, காசுமாலை, வளையல், எல்லாம்."

"எங்க வெச்சுப் போச்சு?"

"தஞ்சாவூர்ல. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ரயில்ல போயிட்டு வந்தோம். நிக்காஹ் முடிஞ்சா ஆஃப்ரின் மாப்பிள்ளையோட துபாய்க்குப் போயி வந்துன்னு இருப்பா, அதுக்குள்ள அரண்மனையும் பெரிய கோயிலும் பார்க்கணும்னு ஆசைப்பட்டா."

செம்பியனால் பொறுக்க முடியவில்லை. "ஊர் சுத்திப் பார்க்கப் போற இடத்துக்கு நகையை எதுக்கும்மா எடுத்துட்டுப் போனீங்க?"

ஆஸியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வீட்டைப் பூட்டிக்கிட்டு எல்லாரும் கிளம்பறப்ப நகையை மட்டும் தனியா விட்டுட்டா போவாங்க? எங்க வீட்டுல நாங்க கிளம்பினா நகையும் கிளம்பிடும். லாக்கர்ல இருந்ததை மெருகு போடப் போன வாரம்தான் எடுத்தேன்."

எடுத்தவள் சும்மா எடுத்துப் போகவில்லை. விடிகாலை சுபுஹு தொழுததும் நகையைப் பச்சைப் பட்டுத் துணியில் சுற்றி, டிபன் கேரியரின் அடித்தட்டில் தன் கையாலேயே வைத்தாள். சோற்றுப் பாத்திரத்துக்குள் பொன் இருக்கும் என்று எந்தத் திருடன் நினைப்பான்? மேல்தட்டுகளில் பருப்புத் தாளிச்சா, ஆட்டுக்கறி, பிரட் அல்வா. அவற்றை மூத்த மகள் ஷஃபீனா நிரப்பி, கம்பியை மாட்டிக் கொடுத்தாள். நெய்ச்சோறு தனி டப்பாவில்.

"வீட்டை விட்டுக் கிளம்பினதுல இருந்து பையை நான் மடியை விட்டு இறக்கலை நானா. திருவாரூர்ல வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்னுச்சு பாருங்க, தாளிச்சா வழிஞ்சு என் மடியெல்லாம் எண்ணெய். அப்பவும் வெளியில துடைச்சுட்டு மடியிலயேதான் வெச்சுக்கிட்டேன். அரண்மனையில எல்லாரும் மாடி ஏறிப் பார்த்தாங்க, நான் பையோட கீழயே கிடந்தேன்."

"சாப்பாடு?"

"பெரிய கோயில் பக்கத்துப் பூங்காவுல. எங்க மூத்த மாப்பிள்ளை காஜா நஜ்முதீன் பள்ளிவாசலுக்குப் போயிருந்தாங்க, அவங்க வர்ற வரைக்கும் காத்துக் கிடந்தோம். பயணத்துல இருக்கோம்ல, மத்தியான லுஹரோட சாயங்கால அஸரையும் சேர்த்தே தொழுதுட்டேன் மாமி, இனி ஊர் போய்த்தான் தொழுகைன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க. அப்புறம்தான் சாப்பிட்டோம். காலித் தட்டுகளை ஆஃப்ரின் குழாயில கழுவிட்டு வந்தா. அடித்தட்டை மட்டும் பைக்குள்ளயே வெச்சு, யாரையும் தொட விடலை; நாலு பேர் பார்க்கற இடமாச்சேன்னு நானும் எட்டிப் பார்க்கலை."

சாயங்காலம் தஞ்சாவூர் ஸ்டேஷனில்தான் முதன்முதலாகப் பையை இறக்கினாளாம். கால் மரத்துப் போயிருந்தது. அவளும் இரண்டு மகள்களும் வெயிட்டிங் ரூமுக்குப் போனார்கள். பையோடு இருந்தது மருமகனும் தாமரைச்செல்வியும். ராத்திரி வீட்டுக்கு வந்து அடித்தட்டைத் திறந்தால் ஒரு பழைய கைலித் துண்டில் கட்டிய கல் உப்பு.

"தாமரைச்செல்வி யாரு?"

ஆஸியா முந்தானை நுனியைத் திருகினாள். "விழிதியூர் மருதையன் மவ. ஆஃப்ரினோட ஒண்ணாப்புல இருந்து படிச்சவ. சரித்திரத்துல பட்டம் வாங்கினவ, அதான் கூட்டிட்டுப் போனோம். அவ நேரா காரைக்கால் ஸ்டேஷனுக்கே வந்து சேர்ந்துக்கிட்டா. கேரியர்ல நகை இருக்குங்கறது அவளுக்குத் தெரியும் நானா. ஆஃப்ரின் சொல்லியிருக்கா."

இதற்கு மேல் அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நேற்றுக் காலை அவளும் காஜாவும் விழிதியூருக்குப் போனார்கள். தெருவே கூடி நிற்க, "உப்புத் தின்ன வீட்டுலயே கை வெச்சியாடி?" என்று ஆஸியா கத்தினாள். காஜா அந்தப் பெண்ணின் கைப்பையைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தான். சீப்பும் பேனாவும் ஒரு சானிடரி நாப்கினும் மண்ணில் விழுந்தன. தாமரை குனிந்து பொறுக்கிக்கொண்டாள்.

"அவளுக்கு கவர்மெண்ட் ஸ்கூல்ல டீச்சர் வேலை கிடைச்சிருக்கு. போலீஸ் விசாரணை முடிஞ்சாத்தான் ஆர்டர். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அவ மேல கம்ப்ளெயின்ட் கொடுத்துடணும்னு மாப்பிள்ளை ஒத்தைக்கால்ல நிக்கறாங்க. கொடுத்தா அவ வாழ்க்கை போச்சு. கொடுக்காட்டி எங்க நகை போச்சு. ஆஃப்ரின் சோறு தண்ணி இல்லாம அழுவுறா. அவதான் உங்ககிட்ட போகச் சொன்னா."

அலாவுதீன் சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டார். "நிக்காஹுக்கு அப்புறம் நாகூர் மாப்பிள்ளை எங்க தங்குவாரு?"

இந்தக் கரையோரத்து முஸ்லிம் குடும்பங்களில் வீடு பெண்ணுக்குத்தான். கட்டிக்கொண்டவன் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். மகளுக்கொரு வீடு கட்டிவிட்டுத்தான் தகப்பன் கண்ணை மூடுவான். ஆஸியாவின் புருஷன் ஒரே வீட்டோடு கண்ணை மூடிவிட்டார்.

"எங்க வீட்டுலதான் நானா. நடுவுல சுவர் வெச்சு ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுடலாம்னு இருக்கேன்."

"ஷஃபீனா என்ன சொன்னா?"

"அவ என்ன சொல்லப் போறா? தங்கமான புள்ள. உங்க இஷ்டம் உம்மான்னுட்டா."

"கேரியரைக் கழுவிட்டீங்களா?"

"இல்ல. ஷஃபீனா ரெண்டு தடவை கழுவ எடுத்தா. போலீஸ் பார்க்கட்டும்னு நான்தான் வேணாம்னேன்."

"நல்ல காரியம் செஞ்சீங்க" என்று எழுந்தார் அலாவுதீன். "செம்பியா, ஆட்டோ கூப்பிடு."

வீட்டில் காஜா நஜ்முதீன் வாசலுக்கே வந்து ஸலாம் சொல்லி வரவேற்றான். மருமகன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரே சொல்லும் ஆள் அவன். குவைத்தை விட்டு வந்து துணிக்கடை வைத்தவன், மாமியாருக்கு மாத்திரை வாங்குவதிலிருந்து மச்சினி பரீட்சைக்குப் போவது வரை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவன். வயிற்றில் பிறக்காத மகன் என்றே ஆஸியா அவனை நினைத்திருந்தாள்.

அலாவுதீன் கேரியரைக் கூடத்து மேசை மேல் வைத்துத் தட்டுத் தட்டாகப் பிரித்தார். மேல்தட்டுகள் பளபளவென்று காய்ந்து கிடந்தன. அடித்தட்டில் இருந்த கைலி முடிச்சை நிதானமாக அவிழ்த்தார். மேலாக இருந்த உப்புக் கட்டிகள் மஞ்சள் பூத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒரு கட்டியை எடுத்து மோந்து பார்த்தார்.

"என்ன பாய்?" என்று செம்பியன் கழுத்தை நீட்டினான்.

"உப்புதான்" என்றார் அவர். பிறகு காஜாவின் பக்கம் திரும்பினார். "ஸ்டேஷன்ல நடந்ததை நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை."

"எனக்கு யார் மேலயும் பழி போடணும்னு ஆசையில்ல பாய்" என்றான் காஜா, வருத்தமான குரலில். "மாமியும் பிள்ளைங்களும் வெயிட்டிங் ரூம் போனாங்க. அஸருக்கு நேரமாகுதேன்னு நான் பதறிக்கிட்டு, பிளாட்பாரத்துக் கடைசியில ஒதுக்குப்புறமா விரிப்பை விரிச்சுத் தொழப் போனேன். அவ்வளவு நேரமும் பை அந்தப் பொண்ணுகிட்டதான் இருந்துச்சு. அவ தனியாத்தான் இருந்தா."

ஆஸியா தலையை ஆட்டினாள். தொழப் போனேன் என்று ஒருவர் சொன்னால் அந்த வீட்டில் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

"ஆஃப்ரின், தாமரைக்கு ஒரு போன் போடும்மா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி வை" என்றார் அலாவுதீன்.

மணி அடித்து ஓயப் போகும் நேரத்தில் தாமரை எடுத்தாள். குரல் கட்டியிருந்தது. அலாவுதீன் யார் என்று சொல்லி, ஸ்டேஷனில் நடந்ததைக் கேட்டார்.

"காஜா அண்ணன் எங்கயும் போகலைங்க. பெஞ்சுல உட்கார்ந்து போன் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நான்தான் தண்ணி பாட்டில் வாங்கப் போனேன். திரும்பி வந்தப்பவும் பை அவங்க காலடியிலதான் இருந்துச்சு. ஆஃப்ரின் அம்மா கேட்டிருந்தா நேத்தே சொல்லியிருப்பேன். அவங்க கேக்கல."

இணைப்பு அறுந்தது. காஜா கையை விரித்தான். "பார்த்தீங்களா பாய், நான் தொழப் போனதையே இல்லைங்கறா!"

செம்பியன் துள்ளி எழுந்துவிட்டான். "பாய், கதை முடிஞ்சுது! தண்ணி வாங்கப் போனேன்னு அவ வாயாலயே சொல்லிட்டா. போனவ கடையில உப்பும் வாங்கியிருக்கா. இவரு தொழுதுக்கிட்டு இருந்த நேரத்துல நகையை எடுத்துட்டு உப்பை வெச்சு மூடிட்டா!"

"அப்படித்தான் இருக்கணும்" என்றான் காஜா, அவசரமாக.

"உட்காரு செம்பியா" என்றார் அலாவுதீன். "எல்லாரும் உட்காருங்க. ஷஃபீனா, நீயும் வாம்மா. கதவுக்குப் பின்னால நிக்க வேணாம்."

ஷஃபீனா வந்து தூணோரம் நின்றாள். உட்காரவில்லை.

"என் வேலையில ஒரே கேள்விதான்" என்று தொடங்கினார் அவர். "மூட்டை நனைஞ்சிருக்கு, சரி. எப்ப நனைஞ்சுது? அதைக் கண்டுபிடிச்சா யார் கையில நனைஞ்சுதுன்னு தானா வந்துடும். இந்த உப்பைப் பாருங்க. மஞ்சளா இருக்கு. செம்பியா, மோந்து பார்த்துச் சொல்லு."

செம்பியன் மோந்தான். முகம் மாறியது. "தாளிச்சா வாடை வருது பாய்."

"வருதுல்ல? தாளிச்சா எப்ப வழிஞ்சுது? காலையில, திருவாரூர்ல. வெளிப்பக்கம் வழிஞ்சதைத் தங்கச்சி துடைச்சுட்டாங்க. உள்பக்கமா அடித்தட்டுக்குள்ள இறங்கினதை யாரும் பார்க்கல. மத்தியானம் சாப்பிட்டு, தட்டையெல்லாம் கழுவியாச்சு. சாயங்காலம் ஸ்டேஷன்ல மேல இருந்து வழிய ஒரு சொட்டுத் தாளிச்சா கிடையாது. அப்ப வெச்ச உப்பா இருந்தா அது வெள்ளையாத்தானே இருக்கணும்?"

அலாவுதீன் கைலித் துண்டைத் தூக்கிக் காட்டினார்.

"துணியில மட்டும் கறை இருந்தா, பழைய கறைன்னு சொல்லித் தப்பிக்கலாம். இங்க உப்பே குடிச்சிருக்கு, அதுவும் அடியில இல்ல, மேலாக, மேல்தட்டுல இருந்து சொட்டினபடி. அப்படின்னா வண்டி திருவாரூர் போறப்பவே இந்த உப்பு உள்ள இருந்திருக்கு. உப்புதான் தஞ்சாவூருக்குப் போயிட்டு வந்திருக்கு. நகை போகவே இல்ல."

"யா அல்லாஹ்!" என்றாள் ஆஸியா.

"தங்கச்சி, கிளம்பினதுல இருந்து பை உங்க மடியிலதான் இருந்துச்சு. தாமரை வந்து சேர்ந்ததே ஸ்டேஷன்ல. அவ எப்படி மாத்தியிருக்க முடியும்? நீங்க நகையை வெச்சதுக்கும் பை உங்க மடிக்கு வந்ததுக்கும் நடுவுல அந்தக் கேரியர் ஒருத்தர் கையில மட்டும்தான் இருந்துச்சு."

யார் கையில் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஆஸியாவுக்கு, அவர் கணக்கில் எங்காவது ஓட்டை இருக்காதா என்று மனம் கிடந்து அலைந்தது.

"இல்ல நானா, மாப்பிள்ளை சொன்னாங்களே! தொழப் போயிருந்தாங்க, அந்த நேரத்துல..."

"அதுக்குத்தான் வர்றேன். பூங்காவுக்கு வர்றப்ப மாப்பிள்ளை உங்ககிட்ட என்ன சொன்னாரு? காலையில நீங்கதான் எனக்குச் சொன்னீங்க."

ஆஸியா வாயைத் திறந்தாள். லுஹரோட அஸரையும் சேர்த்தே தொழுதுட்டேன் மாமி. அது விழுந்ததும் அவள் காதில்தான், வாயால் சொன்னதும் அவள். இன்றைக்கு இதே கூடத்தில் அவன் மாற்றிச் சொன்னபோது மாடு மாதிரித் தலையாட்டியதும் அவள்தான்.

செம்பியன் புரியாமல் முழித்தான். "பயணத்துல போறவங்க ரெண்டு வேளையைச் சேர்த்துத் தொழுதுக்கலாம் செம்பியா" என்றார் அலாவுதீன். "மத்தியானமே அஸரையும் தொழுது முடிச்ச மனுஷன், சாயங்காலம் அஸருக்கு நேரமாகுதேன்னு எப்படிப் பதறுவாரு?"

"மறுபடி தொழுதா குத்தமா பாய்?" என்று சீறினான் காஜா. இதுவரை யாரும் கேட்டிராத குரல் அது.

"தொழுகை குத்தமில்ல. நீங்க தொழவே இல்ல மாப்பிள்ளை. பையோட அந்தப் பொண்ணைத் தனியா விட்டுட்டுப் போனதாக் காட்டணும், அதுக்கு ஒரு காரணம் வேணும். இந்த வீட்டுல யாரும் எதிர்த்துக் கேக்காத காரணத்தை எடுத்தீங்க. எடுத்த அவசரத்துல மத்தியானம் சொன்னது மறந்து போச்சு. நகையை மாத்தினது ஒருத்தர், பழியைத் தூக்கி அந்தப் பொண்ணு மேல போட்டது இன்னொருத்தர்."

ஆஸியா மூத்த மகளைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லு, நான் நம்பிவிடுகிறேன் என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

ஷஃபீனா விறுவிறுவென்று உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பச்சைப் பட்டு முடிச்சைக் கொண்டுவந்து உம்மாவின் முன்னால் மேசையில் போட்டாள்.

"ஆமா, நான்தான் எடுத்தேன். என் நிக்காஹ் அன்னிக்கு ஜமாஅத்தார் முன்னால இந்த வீடு முழுசும் ஷஃபீனாவுக்குன்னு வாப்பா சொன்னாங்க. நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க. அதை நம்பித்தானே அன்னிக்கு நகை வேணாம்னேன்? இப்ப பாதி வீடு அவளுக்கு, நகையும் மொத்தமா அவளுக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? சுவர் வைக்கப் போறேன்னு சொன்னீங்க, அவ்வளவுதான்!"

"கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேடி. சண்டை போட்டிருந்தாலும் கொடுத்திருப்பேனே! ஊரான் வீட்டுப் பொண்ணு மேல ஏன்டி பழியைப் போட்டீங்க?"

"அதை இவங்கதான்..." என்று ஷஃபீனா புருஷனைப் பார்த்தாள். காஜா தரையைப் பார்த்தான். நேற்று விழிதியூரில் கைப்பையைக் கவிழ்த்துவிட்டு, நகை கிடைக்குமா என்று குனிந்து தேடிய அதே ஆள். நகை தன் வீட்டுப் பீரோவில் இருப்பது தெரிந்தே தேடியிருக்கிறான். அவன் அப்படித் தேடியதை நினைக்க நினைக்க ஆஸியாவுக்கு உடம்பு கூசியது. பெற்ற மகள் திருடினாள் என்பதைக்கூட மனசு எப்படியோ விழுங்கிவிடும் போலிருந்தது. இதை விழுங்க முடியவில்லை.

அலாவுதீன் எழுந்தார். "என் வேலை முடிஞ்சுது தங்கச்சி. இது உங்க வீட்டு விஷயம், வெளியில ஒரு வார்த்தை போகாது. ஆனா நேத்து நீங்க விழிதியூர்ல கத்தினது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அதை யார் திருப்பி எடுக்கறதுன்னு நீங்கதான் யோசிக்கணும்."

அவர் சொன்னதன் கனம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. தாமரை மேல் விழுந்த பழியைக் கழுவ வேண்டுமானால் சொந்த மகளைத் தெருவில் நிறுத்த வேண்டும். பொழுது சாய்வதற்குள் சேதி நாகூருக்குப் போய்விடும். திருடிய வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டால்? நகை எங்கேயோ கிடைத்துவிட்டது என்று நைசாகச் சொல்லி முடித்துவிடலாம்தான். ஆஸியா சின்ன மகளைப் பார்த்தாள்.

"போலாம் உம்மா" என்றாள் ஆஃப்ரின். "நிக்காஹ் நின்னா நிக்கட்டும்."

விழிதியூரில் இருவரும் ஆட்டோவை விட்டு இறங்கியபோது தெருவில் நடமாட்டம் இருந்தது. நேற்று வேடிக்கை பார்த்த அதே முகங்கள். ஆஸியா மருதையன் வீட்டு வாசலில் நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! என் நகை கிடைச்சிடுச்சு! அதை எடுத்தது என் வயித்துல பொறந்த மூத்த மவ! தெரிஞ்சே இந்தப் புள்ள மேல பழியைப் போட்டது என் மருமவன்! இந்தத் தங்கத்து மேல ஒரு குத்தமும் இல்ல! நான்தான் பாவி!"

தாமரையின் அம்மா கமலாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தாமரை வாசலுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது, முகத்தில் அழுகை இல்லை.

ஆஸியா அவள் கையைப் பிடித்தாள். "மன்னிச்சுடு தாயி."

"நகை கிடைக்காம இருந்திருந்தா வந்திருப்பீங்களாம்மா?"

வந்திருப்பேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இரண்டு நாளாகப் பொய்யிலேயே உழன்ற வீடு அவளுடையது. இன்னொன்றைச் சேர்க்க அவளால் முடியவில்லை.

"வந்திருக்க மாட்டேன்மா" என்றாள். "கம்ப்ளெயின்ட் கொடுத்திருப்பேன்."

தாமரை மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டாள். ஆஃப்ரினின் கையை மட்டும் எட்டிப் பிடித்தாள்.

"ஆஃப்ரின் நிக்காஹுக்கு நான் வருவேன். அவ பக்கத்துலயே இருப்பேன்" என்றாள். "ஆனா உங்க வீட்டுல இனிமே கை நனைக்க மாட்டேன்மா."